முட்டைச் சூரியன்

பேட்ஜம்மாவின் வீட்டில் எதற்கும் உறை உண்டு. மிக்ஸிக்கு உறை, டிவி ரிமோட்டுக்கு உறை, வீட்டுக்காரரின் மூக்குக்கண்ணாடிக்கு உறை. "நான் கொஞ்ச நேரம் அசையாம உக்காந்தா எனக்கும் ஒண்ணு தச்சு மாட்டிடுவா" என்று அவர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். எல்லா உறைகளிலும் அழகானது, நீலத்துணியில் வெள்ளைப் பூ போட்டது, ஜன்னலோர மேஜையில் இருந்த கம்ப்யூட்டருக்கு. அது அழுக்கே ஆகாது. வெளியூரில் இருக்கும் தன் அக்காவோடு பேட்ஜம்மா வீடியோவில் பேசுவதற்காக வாரத்தில் ஒரு நாள்தான் அதைக் கழற்றுவார்கள். மற்ற நாளெல்லாம் அந்தக் கம்ப்யூட்டர் புது மாப்பிள்ளை மாதிரி சும்மா உட்கார்ந்திருக்கும்.

பேட்ஜம்மாவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. ஆனால் அந்தத் தெருவில் அதைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. பள்ளிச் சட்டைப் பையில் தைக்கிற எம்ப்ராய்டரி பேட்ஜுகளை அவள்தான் போடுகிறாள். அவள் வீட்டுக்காரர் பள்ளி வேன் ஓட்டுகிறார். வேனில் ஏறும் பிள்ளைகளின் சட்டையில் பேட்ஜ் பிய்ந்து தொங்குவதைப் பார்த்து, "இத நீயே தச்சுக் குடேன்" என்று ஒரு நாள் நாலைந்தை எடுத்துவந்தார். அதில் ஆரம்பித்ததுதான். முதலில் கையால் தைத்தாள். பிறகு, மூடப்போகிற ஒரு துணிக்கடையிலிருந்து பழைய எம்ப்ராய்டரி மிஷின் கிடைத்தது. கூடவே ஒரு பழைய கம்ப்யூட்டர், அதற்குள் ஒரு சாஃப்ட்வேர், அந்த சாஃப்ட்வேரைத் திறக்க விரல் நீளத்தில், பென் டிரைவ் மாதிரி ஒரு சாவி. கம்ப்யூட்டரின் பக்கவாட்டில் அந்தச் சாவியைச் செருகினால்தான் சாஃப்ட்வேர் வாயைத் திறக்கும். அதைத் தோடு, மூக்குத்தி வைக்கிற டப்பாவில் பத்திரப்படுத்தியிருந்தாள்.

எம்ப்ராய்டரி மிஷினுக்குப் படத்தைக் காட்டினால் ஒன்றும் விளங்காது. ஊசி எங்கே இறங்க வேண்டும், எந்தத் திசையில் ஓட வேண்டும், எங்கே நூலை அறுக்க வேண்டும் என்று ஒவ்வொரு தையலையும் கம்ப்யூட்டரில் வரைந்து, பென் டிரைவில் ஏற்றிக் கொடுக்க வேண்டும். இதற்குப் பஞ்சிங் என்று பெயர். பஞ்சிங் தெரிந்தவரால்தான் புது டிசைன் போட முடியும். தெரியாதவர் அடுத்தவர் போட்டுத் தருவதைத் தைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். பேட்ஜம்மா பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். அந்த வித்தையில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஒரு நாள் காலையில் பழைய கம்ப்யூட்டரிலிருந்து கருகல் வாடை வந்தது. பார்க்க வந்த மெக்கானிக் அதைத் திறந்தார், மூடினார். "இதுக்கு மேல இதத் தொந்தரவு பண்ணாதீங்கம்மா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

செய்தி அக்காவுக்குப் போயிற்று. அக்கா வேறு ஊரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். அங்கே வார்டுக்கே சிஸ்டர், இங்கே ஒருத்திக்கு மட்டும் அக்கா. தங்கையைத் தையல் கிளாஸில் சேர்த்துவிட்டதும் அவள்தான், "கையில தொழில் இருந்தா தலை தானா நிமிரும்டீ" என்று சொல்லிக்கொண்டே இருந்ததும் அவள்தான். அக்கா செய்தியைக் கேட்டுக்கொண்டாள். மாதக்கணக்கில் நைட் டூட்டியைக் கேட்டு வாங்கிப் பார்த்துக் காசு சேர்த்து, ஒரு நாள் கூரியரில் ஒரு பெட்டியை அனுப்பிவைத்தாள்.

பெட்டியைத் திறந்தால் உள்ளே மெல்லிசாக, வெள்ளித்தட்டு மாதிரி பளபளவென்று ஒரு கம்ப்யூட்டர். "பெரிய டாக்டருங்க எல்லாம் இதத்தான் வச்சிருக்காங்க. உனக்குப் போய் மட்டமா ஒண்ண வாங்குவேனா?" என்றாள் அக்கா போனில். பேட்ஜம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. அழுதபடியே டப்பாவிலிருந்து சாவியை எடுத்துக் கம்ப்யூட்டரில் செருகப் போனாள். அது நுழைய ஓட்டையே இல்லை.

கடைக்குப் போய் நடுவில் மாட்ட ஓர் இணைப்பான் வாங்கிவந்தாள். சாவி நுழைந்தது. சாஃப்ட்வேர் நுழையவில்லை. என்ன செய்தாலும் அந்தக் கம்ப்யூட்டர் பணிவாக ஒரே பதிலைச் சொன்னது: இதை இங்கே திறக்க முடியாது.

கீழ்வீட்டில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவரைக் கூப்பிட்டாள். அவர் கம்ப்யூட்டரைப் பார்த்த பார்வையிலேயே ஓர் ஏக்கம் தெரிந்தது.

"பேட்ஜம்மா, இது வேற வகை. உங்க சாஃப்ட்வேர் இதுக்காக எழுதினது இல்ல. போட்டோ, வீடியோ, பாட்டு எதுன்னாலும் இதுல அட்டகாசமா பண்ணலாம். ஆனா உங்க தொழிலுக்கு..." என்று இழுத்துவிட்டுத் தேடிப் பார்த்தார். இந்த வகைக் கம்ப்யூட்டருக்கும் பஞ்சிங் சாஃப்ட்வேர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதன் விலைக்கு இன்னொரு எம்ப்ராய்டரி மிஷினே வாங்கிவிடலாம். மாத வாடகைக்கு ஒன்று கிடைத்தது. கட்டத் தவறினால் போட்ட டிசைனைக்கூடத் திறக்க விடாது. ஒரு கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டர் இருப்பது போல நடிக்க வைக்கிற வழியும் ஒன்று உண்டாம். அதையும் செய்து பார்த்தார்கள். நடிப்பெல்லாம் நன்றாகத்தான் இருந்தது, சாவியை மட்டும் அது கண்டுகொள்ளவில்லை.

விஷயம் இதுதான். கைக்கு எட்டுகிற விலையில் சாஃப்ட்வேர் எழுதுகிறவர்கள், ஊரில் அதிகம் பேர் வைத்திருக்கும் கம்ப்யூட்டருக்குத்தான் எழுதுகிறார்கள். பளபளப்பானதை வைத்திருப்பவர் வசதியானவர் என்று அவர்களே முடிவு கட்டிவிடுகிறார்கள். அக்கா வாங்கிக்கொடுத்து அதை வைத்திருக்கிற ஒருத்தி அவர்கள் யார் நினைப்பிலும் இல்லை.

"எனக்குக் குடுத்துடுங்க" என்றார் ஸ்டூடியோக்காரர். "பதிலுக்கு உங்க சாவி போடுற மாதிரி சாதாரண கம்ப்யூட்டர் புதுசா வாங்கித் தர்றேன். ரெண்டு பேருக்கும் நல்லது."

நியாயமான பேச்சுதான். பேட்ஜம்மாவுக்கு மனசு வரவில்லை. "பாக்கலாம்" என்று அனுப்பிவிட்டாள்.

பழைய டிசைன்கள் பென் டிரைவில் இருந்ததால் பிழைப்பு ஓடியது. அவற்றை மிஷினில் செருகினால் போதும், கம்ப்யூட்டரே வேண்டாம். ஒவ்வொரு வாரமும் வீடியோவில் அக்கா கேட்பாள்: "எப்படிடீ ஓடுது?"

"பிரமாதமா ஓடுதுக்கா."

பின்னால் வீட்டுக்காரர் இருமுவார். பேசி முடித்ததும் நீல உறை திரும்ப ஏறிவிடும்.

இந்த வண்டி எத்தனை நாள் ஓடும்? பள்ளிக்குப் புதுத் தலைமையாசிரியை வந்தார். வந்தவர் சும்மா இருக்கவில்லை, பள்ளியின் சின்னத்தை மாற்றினார். முன்பு விளக்கு. இனிமேல் விரித்த புத்தகத்துக்கு மேலே முழுவட்டச் சூரியன். விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளில் எல்லாப் பிள்ளைகள் சட்டையிலும் சூரியன் உதித்தாக வேண்டும். ஆர்டர் பேட்ஜம்மாவுக்குத்தான். முடியாது என்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகவும் பள்ளி ஆபீஸில் பக்குவமாகச் சொல்லிவிட்டார்கள்.

வெளியே ஒருவரிடம் பஞ்சிங்குக்குக் கொடுத்துப் பார்த்தாள். அவர் இதோ அதோ என்று இழுத்தடித்துக் கடைசியில் கொடுத்த டிசைனில் நூல் குறுக்கும் நெடுக்கும் பாய்ந்தது. திருத்தச் சொன்னால் திருத்தத்துக்குத் தனிக் காசு. அன்றைக்கு அவள் மாடிப்படி இறங்கி ஸ்டூடியோ வாசலில் போய் நின்றாள்.

"மாசக் கடைசி வரைக்கும் டைம் குடுங்க. அதுக்குள்ள எனக்கு ஒரு வழி கிடைக்கலன்னா நீங்களே எடுத்துக்கங்க."

சொல்லிவிட்டு மேலே வந்தால் அக்காவின் போன். "குட்டி, லீவு கிடைச்சிருக்கு. மாசக் கடைசில வர்றேன். நீ அதுல வேலை செய்யறத நான் கண்ணால பாக்கணும்."

பேட்ஜம்மா போனை வைத்தாள். கம்ப்யூட்டரைக் கொடுத்தால் அக்காவின் முகத்தில் எப்படி விழிப்பது? கொடுக்காவிட்டால் ஆர்டர் போகும். ஆர்டர் போனால் பள்ளி போகும், பள்ளி போனால் அப்புறம் பேட்ஜம்மா என்று அவளை யார் கூப்பிடப்போகிறார்கள்?

மறுநாளிலிருந்து உறையை மடித்து அலமாரியில் வைத்துவிட்டுத் தேட ஆரம்பித்தாள். போனில் கேட்டாள், கம்ப்யூட்டரில் கேட்டாள், தெரிந்த சொல், தெரியாத சொல் எல்லாம் போட்டுக் கேட்டாள். அகப்பட்டது. எந்த வகைக் கம்ப்யூட்டரிலும் ஓடுகிற பஞ்சிங் சாஃப்ட்வேர், காசில்லாமல். எழுதியது ஒரு கம்பெனி இல்லை, எங்கோ தூர தேசத்தில் இருக்கும் ஒரு லிஃப்ட் மெக்கானிக். மனைவிக்கு எம்ப்ராய்டரி மிஷின் வாங்கிக்கொடுத்தாராம். வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓடுகிற சாஃப்ட்வேரை வாங்க வக்கில்லாமல் தானே எழுதினாராம். எழுதியதை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று பொதுவில் வைத்துவிட்டார்.

"சும்மா குடுக்கறானா? அப்ப ஏதோ வில்லங்கம் இருக்கு" என்றார் வீட்டுக்காரர்.

"உங்க வேன்ல லேட்டா வர்ற பிள்ளைக்காக நீங்க சும்மா நிக்கறதில்லையா? அதுல என்ன வில்லங்கம்?"



சாஃப்ட்வேர் திறந்தது. சாவி கேட்கவில்லை. ஒரு வாரம் முட்டி மோதி, புத்தகத்தையும் சூரியனையும் வரைந்து, பென் டிரைவில் ஏற்றி மிஷினில் போட்டாள். ஊசி ஓடி முடிந்ததும் இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். சூரியன் இருபக்கமும் ஒடுங்கி நீளமாக நின்றது. அதைச் சுற்றிப் போட்ட ஆரஞ்சு ஓரம் ஒட்டாமல், நடுவில் வெள்ளைத் துணி இளித்தது.

"இது சூரியன் மாதிரி இல்லையே" என்றார் வீட்டுக்காரர். "கோழி இட்ட மாதிரியில்ல இருக்கு."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மிஷினுக்கு என்ன கேடு என்று நினைத்துப் பழைய விளக்கு டிசைனைப் போட்டுப் பார்த்தாள். விளக்கின் அடிவட்டம் காசு மாதிரி உருண்டையாக வந்தது. அப்படியானால் மிஷின் சரி, கோளாறு வரைந்ததில். அதே விளக்கைப் புது சாஃப்ட்வேரில் திறந்து பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. துணியில் உருண்டையாக வருகிற வட்டம், திரையில் பக்கவாட்டில் பிதுங்கிக் கிடந்தது. தைக்கும்போது நூல் துணியை உள்ளே இழுக்கும். அந்த இழுவைக்குத் தக்கபடி பழைய சாஃப்ட்வேர் தானாகவே கூட்டி வரைந்திருக்கிறது. இத்தனை வருஷம் அவள் வட்டம் என்று நினைத்து வட்டம் வரைந்தாள். அது சத்தமில்லாமல் முட்டையாக்கி அனுப்பிக்கொண்டிருந்தது. செத்துப்போன அந்தக் கம்ப்யூட்டருக்கும் மனசுக்குள் ஒரு நன்றி சொன்னாள்.

லிஃப்ட் மெக்கானிக்குக்கு எழுதினாள். போன் மொழிபெயர்த்துக் கொடுத்தது. பேட்ஜம்மா என்று கையெழுத்துப் போட்டிருந்தாள். பதிலும் அதே மாதிரி போன் வழியாகத் தமிழாகி வந்தது: "மரியாதைக்குரிய சின்னங்களின் தாயே!" வீட்டுக்காரர் அன்று முழுக்க அவளை அப்படியே கூப்பிட்டார். "சின்னங்களின் தாயே, குழம்புக்கு உப்பு பத்தல."

மெக்கானிக் சொன்ன விஷயம் இது. அவர் மனைவி கெட்டியான ஜீன்ஸ் துணியில்தான் தைப்பார். அது அசையாது, அதனால் இந்த இழுவை அவர் கண்ணில் படவே இல்லை. மெல்லிய சட்டைத்துணியில் எவ்வளவு இழுக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அளந்து சொன்னால் டூட்டி முடிந்த பிறகு உட்கார்ந்து பார்க்கிறேன் என்றார்.

பேட்ஜம்மா அளந்தாள். சட்டைப் பொத்தான் அளவு வட்டத்திலிருந்து சோற்றுத்தட்டு அளவு வட்டம் வரை தைத்தாள். பருத்தி, பாலியஸ்டர், பனியன் துணி, கடைசியில் வீட்டுக்காரரின் இன்னும் கிழியாத சட்டை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஸ்கேலை வைத்துப் படமெடுத்து அனுப்பினாள். மெக்கானிக் ஒன்றைத் திருத்தி அனுப்புவார், இவள் தைப்பாள். சூரியன் கொஞ்சம் உருண்டையாகும், ஓரம் விலகும். மறுபடி எழுதுவாள். அவர் ஒரு தடவைகூட அலுத்துக்கொள்ளவில்லை. "இன்று ஒரு கட்டிடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது, அதனால் தாமதம், மன்னிக்கவும்" என்று எழுதுவார். காசு கொடுத்து வாங்கிய எதற்கும் அவளிடம் யாரும் மன்னிப்புக் கேட்டதில்லை.

மாதம் முடியப்போகிற ஒரு மத்தியானம் புதுசு ஒன்று வந்தது. அதில் ஒரு சின்னக் கட்டம் கூடியிருந்தது, துணி எவ்வளவு இழுக்கும் என்று கேட்கிற கட்டம். சட்டைத்துணிக்கான அளவைப் போட்டாள். மிஷின் ஓடி நின்றது. கையிலிருந்த வளையலைக் கழற்றிச் சூரியன் மேல் வைத்தாள். வளையலுக்கும் நூலுக்கும் நடுவே எங்கும் வெள்ளை தெரியவில்லை.

"என்னங்க... இங்க வாங்களேன்" என்றாள்.  அவர் வந்து பார்த்தார். வளையலைத் தூக்கிப் பார்த்தார், திரும்ப வைத்தார். கேலி செய்ய ஒன்றும் அகப்படாமல் அவள் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு, டீ போடப் போனார்.

உங்களுக்கு என்ன செய்யட்டும் என்று மெக்கானிக்கைக் கேட்டாள். "என் மனைவி மெல்லிய துணியில் தைக்கத் தொடங்கிவிட்டாள். நன்றியை நான்தான் சொல்ல வேண்டும்" என்று வந்தது. அவள் விடவில்லை. எழுத்து, படம் எதுவும் இல்லாமல் வெறும் ஒரு மஞ்சள் வட்டத்தைத் தைத்துத் தபாலில் அனுப்பினாள். முகம் தெரியாத ஒருத்தருக்கு அதைவிட ஒழுங்காக நன்றி சொல்ல அவளுக்குத் தெரியவில்லை. லிஃப்ட் சாமான் வைக்கும் பெட்டியின் மூடியில் அதை ஒட்டிவைத்திருப்பதாகப் பிறகு ஒரு படம் வந்தது.

இந்தச் சந்தோஷத்தில் ஸ்டூடியோக்காரரை அடியோடு மறந்துபோனாள்.

மாதக் கடைசியில் அக்கா வந்து இறங்கினாள். பையைக்கூட வைக்காமல் ஜன்னலோர மேஜைக்குத்தான் போனாள். திரையில் சூரியன், மிஷினில் சூரியன், மேஜையெல்லாம் சூரியன். அக்கா ஒரு பேட்ஜை எடுத்து விரலால் தடவினாள். "சொன்னேன்ல, நல்ல பொருள்னு!" என்று முகமெல்லாம் பல்லாக நின்றாள். அந்த நேரம் பார்த்துக் கதவு தட்டப்பட்டது.

ஸ்டூடியோக்காரர், கையில் ஒரு பெரிய அட்டைப்பெட்டியோடு.

"பேட்ஜம்மா, சொன்ன மாதிரியே வாங்கிட்டேன். சாவி இதுல கச்சிதமா உக்காரும். அந்த ஓடாத கம்ப்யூட்டர எடுத்துக்கலாமா?"

வீட்டுக்காரர் இருமினார். இந்தத் தடவை இருமல் உதவவில்லை. அக்கா ஸ்டூடியோக்காரரைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், தங்கையைப் பார்த்தாள்.

"எது ஓடாத கம்ப்யூட்டர்?"

ஸ்டூடியோக்காரர் நிலவரம் புரிந்து, "நான் அப்புறமா வர்றேன்" என்று பெட்டியோடு நழுவினார். பேட்ஜம்மா எல்லாவற்றையும் சொன்னாள். சாவி, உறை, வாராவாரம் சொன்ன பிரமாதம், மாசக் கடைசி என்று கொடுத்த வாக்கு, லிஃப்ட் மெக்கானிக், எதையும் விடவில்லை. சொல்லி முடித்து, "நீ தப்பா எடுத்துக்காதக்கா. நீ கஷ்டப்பட்டு வாங்கினது, எப்படிச் சொல்றதுன்னு..." என்று நிறுத்தினாள்.

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"கடைக்காரன் சொன்னான்டீ."

"என்ன சொன்னான்?"

"என்ன தொழிலுக்குன்னு கேட்டான். சொன்னேன். 'வேணாம் சிஸ்டர், அதுக்கெல்லாம் இதுல சாஃப்ட்வேர் கிடைக்காது, கிடைச்சாலும் விலை தாங்காது'ன்னு தலையில அடிச்சுக்காத குறையா சொன்னான்."

"தெரிஞ்சேதான் வாங்கினியா!"

"'என் தங்கச்சிய உனக்குத் தெரியாது, அவ ஓட வச்சிடுவா'ன்னு சொல்லி வாங்கிட்டு வந்துட்டேன்."

பேட்ஜம்மாவுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இத்தனை மாதம் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு அலைந்தது இதற்கா? ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அக்காவின் முகத்தில் கொஞ்சம்கூடக் குற்ற உணர்ச்சி இல்லை, நினைத்தது நடந்துவிட்ட நிம்மதிதான் இருந்தது. கடையில் முன்பின் தெரியாத ஒருவனிடம் தங்கையைப் பற்றி அவ்வளவு தீர்மானமாகப் பேசியிருக்கிறாள்.  சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, கடைசியில் சிரிப்பு ஜெயித்தது. வீட்டுக்காரரும் சேர்ந்துகொண்டார்.

அக்கா ஊருக்குப் போகும் அன்று, வந்ததிலேயே நன்றாக வந்த சூரியன் பேட்ஜை எடுத்து, "இத உன் பையில தச்சுத் தர்றேன்" என்றாள் பேட்ஜம்மா. அக்கா அதை வாங்கிப் பார்த்துவிட்டு மேஜையில் வைத்தாள். குப்பைத்துணிக் கூடையில் கையை விட்டுத் துழாவி, முதன்முதலில் வந்த முட்டைச் சூரியனை எடுத்தாள்.

"இதான் வேணும்."

"அக்கா, அது வீணாப்போனது!"

"உருண்டையா வந்ததெல்லாம் ஊரே பாக்கப் போகுது. இது வந்தன்னிக்கு நீ தனியா கிடந்து அவதிப்பட்டிருக்க, நான் போன்ல 'பிரமாதம்'னு கேட்டுச் சிரிச்சுக்கிட்டிருந்தேன். இது என்கிட்ட இருக்கட்டும்."

பேட்ஜம்மா ஊசியில் நூலைக் கோத்தாள். அக்காவின் பையை மடியில் வைத்துக்கொண்டு, முட்டைச் சூரியனைக் கையாலேயே தைத்துக் கொடுத்தாள்.